முதுகு வலி என்று பேர் வைத்த கட்டி

டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லோரும் கிளட்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்திரண்டு வயது. "அது பிரேக்குங்க! கிளட்சை மிதிங்க!" என்று அவள் போடும் சத்தத்தில், ஓரமாக நடந்து போகிறவர்கள்கூடக் காலை அழுத்துவார்கள். அப்பேர்ப்பட்ட வாய்க்கு ஒரு திங்கட்கிழமை பூட்டு விழுந்தது.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பிறப்புறுப்பின் இடது பக்கம், பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலிக்கவில்லை என்று விட்டுவிட்டாள். வியாழக்கிழமை அது எலுமிச்சை அளவு ஆகியிருந்தது. நடந்தால் உரசியது, உட்கார்ந்தால் உயிர் போனது.

கணவரிடம், "அங்க ஒரு மாதிரி வீங்கியிருக்கு" என்றாள்.

"எங்க?"

"அங்கதாங்க" என்று சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் எழுந்து போய்ச் சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஈரம்தான், பெயிண்டரை வரச் சொல்றேன்" என்றார்.

நாத்தனாருக்கு போன் செய்தாள். கட்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே, இடத்தைக்கூடக் கேட்காமல், "உடம்புச் சூடு அண்ணி. தண்ணி குடிங்க. யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க" என்று அவள் வைத்தியத்தை முடித்துவிட்டாள்.

மருந்துக்கடையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஆண்கள். "தொடையில கொப்புளம்" என்றாள். கடைக்காரர் ஒரு களிம்பைக் கொடுத்து, "நல்லா அழுத்தித் தேய்ங்க, உடைஞ்சிரும்" என்றார். தேய்த்தாள். உடையவில்லை, சிவந்து, கொதித்து, காய்ச்சல் வந்ததுதான் மிச்சம்.

லீவு விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றது. கடைசியில் 'முதுகு வலி' என்று எழுதினாள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி மனசு நல்ல மனசு. "லீவெல்லாம் எதுக்கு? வண்டியில போனாத்தான் குலுங்கும். ரெண்டு நாள் ஆபீஸ்லயே உக்காருங்க" என்று, முதுகு வலிக்காகத் தான் கட்டியிருந்த இடுப்பு பெல்ட்டையும் கழற்றிக் கொடுத்து, மரநாற்காலியில் காலை முதல் மாலை வரை உட்காரவைத்தார்.

மூன்றாம் நாள் அவள் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீட்டு எழுதும் மேசையில் இருந்தவர் "என்ன பிரச்சினை?" என்று கேட்க, "லேடீஸ் பிராப்ளம்" என்றாள். அவரும் கூச்சப்பட்டுச் சீட்டில் 'லே.பி.' என்று எழுதினார். நர்ஸ் அதை லோ பி.பி. என்று படித்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.

டாக்டரம்மா சின்ன உருவம், பெரிய குரல். "எங்க கட்டி?"

"அங்க..."

"அங்கன்னா? மூக்கா, முழங்காலா?"

"பிறப்புறுப்புல" என்றாள் கிளட்ச் அக்கா. சொன்ன பிறகும் கூரை இடிந்து விழவில்லை.

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "யோனி வாசல்ல ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு சுரப்பி இருக்கு. பார்த்தோலின் சுரப்பின்னு பேரு. அதோட குழாய் அடைச்சா நீர் கட்டிக்கும். கிருமி சேர்ந்தா சீழ் பிடிக்கும். அதான் இந்த வலியும் காய்ச்சலும்."

"உடம்புச் சூடுன்னு சொன்னாங்க."

"சொன்னவங்க பார்த்தாங்களா? முடி உள்பக்கமா வளர்ந்தாலும் கட்டி வரும், மருவும் வரும். பார்க்காம யாருக்குத் தெரியும்? களிம்பு போட்டுத் தேய்ச்சீங்களா?"

"தேய்ச்சேன்" என்று ஒப்புக்கொண்டாள். "புத்துநோயா இருக்குமா டாக்டர்?"

"ரொம்ப அபூர்வம். ஆனா நாப்பது தாண்டிட்டா நான் சும்மா விடமாட்டேன். துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறேன்."

மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறிச் சீழை எடுத்து, மறுபடி அடைக்காமலிருக்க ஒரு மெல்லிய குழாயை வைத்தார்கள். சில வாரம் அது இருக்க வேண்டும் என்றார்கள். அன்று மாலை அவள் உட்கார்ந்த சுகத்தில் அழுதேவிட்டாள். கணவரிடம் பேர் சொல்லி எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் காது சிவந்தாலும், டாக்டரம்மா சொன்னபடி தினமும் அவள் உட்கார்ந்து எழ வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிவைத்தார். டெஸ்டிலும் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது.

அடுத்த வாரம் நாத்தனார் போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அண்ணி, அந்த டாக்டர் நம்பர் வேணும். எனக்கில்ல. என் ஃபிரெண்டு ஒருத்திக்கு. நாலு மாசமா அங்க அரிப்பு, வெள்ளையா ஒரு திட்டு..."

"நாலு மாசமாவா?" கிளட்ச் அக்காவின் பழைய குரல் திரும்பியிருந்தது. "உன் ஃபிரெண்டை நாளைக்குப் பத்து மணிக்கு உங்க வீட்டு வாசல்ல நிக்கச் சொல்லு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."