நான்காவது தகப்பன்

1

இந்தக் கதை நாரின் என்ற எங்கள் மலையூரின் மருத்துவமனை வாசலில், ஒரு மூளை மருத்துவரோடு தேநீர் குடிக்கும்போது கிடைத்தது. அவர் பாதி சொன்னார். மீதி என்னுடையது. எது எந்தப் பாதி என்பது எனக்கே மறந்துவிட்டது. (நினைவைப் பற்றிய கதைக்கு நல்ல சகுனம்.)

முதல் தொடக்கம்: "பனி விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் எர்மெக்..."

வேண்டாம். எங்கள் ஊர்க் கதைகள் எல்லாவற்றிலும் பனி விழுகிறது.

2

புருலாயைக் கட்டிக்கொண்ட அதே கோடையில் எர்மெக் குதிரையிலிருந்து விழுந்தான். தலையில் அடி.

புது நினைவு மூளைக்குள் கடல்குதிரை வடிவிலுள்ள ஒரு சிறு பகுதியின் துணையோடுதான் உருவாகும் என்றார் மருத்துவர். பிறகு நாம் தூங்கத் தூங்க, கொஞ்சம் கொஞ்சமாக மூளையின் மேற்பரப்பில் நிலைக்குமாம். மலையில் மேய்ந்த மந்தை குளிருக்கு வீடு வந்து சேர்வதுபோல. (மந்தை என்னுடையது.) எர்மெக்கின் பாதை இடிந்துவிட்டது. பழைய நினைவெல்லாம் வீட்டில் பத்திரம். புருலாய் மட்டும் மலையிலேயே நின்றுவிட்டாள்.

3

ஆகவே தினமும் காலையில், தேநீர் ஊற்றும் அந்நியப் பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போகிறது. எங்கள் வழக்கத்தில் தகப்பன் வழியே ஏழு தலைமுறைக்குள் உறவென்றால் கட்ட முடியாதே, அதனால் கேட்கிறான்.

"ஏம்மா, உன் ஏழு தகப்பன் பேரச் சொல்லு பாப்போம்."

"பொண்ணு பாக்க வந்தவரு மொதல்ல வாயில இருக்குற ரொட்டிய முழுங்குங்க."

பிறகு சொல்வாள். அவன் முகம் மலரும். மறுநாள் மறுபடியும்...

(அவளைப் பொறுமைசாலியாக எழுதிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை, அடித்துவிட்டேன். அவள் களைத்துப்போனவள்.)

4

ஒரு காலை, அவளை ஒரேயடியாகத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக அவள் தம்பி காரோடு வந்தான். புருலாய் ஒரு வழி வைத்திருந்தாள். நான்காவது இடத்தில் எர்மெக்கின் முன்னோர் பெயரைச் சொல்லிவிட்டால், அவனே தங்கச்சி என்று கூப்பிட்டு விட்டுவிடுவான். சண்டை இல்லை.

"...நாலாவது, மோல்தோபாய்."

எர்மெக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அது எங்க முப்பாட்டன் பேரு. உன்னோடது சோரோன்பாய்ல?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"தெரியல. வாயில வந்துச்சு."

திரும்பத் திரும்பக் கேட்பதை மூளை வேறு வழியாகவும் பிடித்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். உறுதியாகச் சொல்லவில்லை.

5

முடிவு ஒன்று: தம்பியை அனுப்பிவிடுகிறாள். இனிப்பு அதிகம்.

முடிவு இரண்டு: போய்விடுகிறாள். மறுநாள் காலை ஆளில்லாத அறையில் அவன் வாய் அந்தப் பெயர்களை முணுமுணுக்கிறது, யாருடையவை என்று...

எழுதக் கை வரவில்லை.

இங்கேயே நிற்கிறேன். வெளியே கார் உறுமுகிறது. அவள் நாக்கில் இரண்டு பெயர்கள்: ஒன்று அவள் வீட்டுடையது, ஒன்று அவன் வீட்டுடையது. தேநீர் ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து எர்மெக் பார்க்கிறான். அவளையா, உங்களையா, இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

"சரி, அஞ்சாவது யாரு?"