மகள் என்று ஒரு பதிவு

மூன்றாவது முறையும் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் திரும்பி வந்தது. "வளர்ப்புப் பொண்ணுன்னா தத்துப் பத்திரம் வேணும்மா. இல்லேன்னா வாரிசுப் பட்டியல்ல பேர் ஏறாது," என்றார் தாலுகா அலுவலக எழுத்தர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

சின்னவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இந்த அரை நாள் விடுப்புக்காக மருத்துவமனைச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடிவிட்டு வந்திருந்தாள். கைக்குழந்தையாக அவளைத் தூக்கி வந்து வளர்த்த அப்பா, பூட்டுப் பழுதுபார்ப்பவர், இறந்து நாலு மாதம் ஆகிறது. அவர் விட்டுப்போன, அவள் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டை விற்க, அவர் பெற்ற மகனான அண்ணன் பறந்துகொண்டிருந்தான். "நீ என் தங்கச்சி இல்லேன்னு நான் சொல்லல. சட்டம் சொல்லுது," என்று முப்பத்தாறு வருஷ உறவை ஒரே பேச்சில் கைகழுவிவிட்டான்.

அங்கிருந்து நேராக ஆலயத்துக்குப் போனாள். போதகர் ஸ்டூலில் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாமெல்லாம் தேவனோட வாக்குத்தத்தத்துக்கு வாரிசுன்னு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணீங்களே ஐயா, அந்தச் சர்டிபிகேட்டை எந்தக் கவுண்டர்ல குடுக்குறாங்க? அங்கயும் போய் நிக்குறேன்."

போதகர் இறங்கி வந்தார். பீரோவிலிருந்து பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தைக் காட்டினார். அவள் பெயருக்கு நேரே யாரோ 'வளர்ப்புக் குழந்தை' என்று எழுதியிருந்தார்கள். அதை அப்பா அடித்திருந்தார். அடித்த அடியில் தாளே கிழிந்திருந்தது. மேலே 'மகள்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்.

சின்னவள் அந்தக் கிழிசலை விரலால் தடவினாள். "இதை அந்த ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குக் காட்டுறீங்க?"

"யார் வாரிசுன்னு குடுக்கிறவர்தாம்மா சொல்லணும். கூடப் பொறந்தவன் சொல்ல முடியாது. தேவன்கிட்ட நாம யாருமே பொறந்த உரிமையில வரல. தத்துப் பிள்ளைங்கதான். அவரா மகன், மகள்னு சொன்னாரு, அவ்வளவுதான்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. அடுத்த மாசம் நான் எங்க படுக்கிறது?"

"தெரியலம்மா," என்றார் போதகர். "நாளைக்கு உன் அண்ணன்கிட்ட நானும் கூட வர்றேன்."

மறுநாள் அண்ணன் வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தின் நகலை வெகுநேரம் பார்த்தான். "அப்பா எழுத்துதான்," என்றான். அவன் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தான். "ஆனா வீட்டுக்கு ஆள் பேசி முடிச்சாச்சு." கதவு சாத்தப்பட்டது.

வீடு கைமாறியது. சலவைக்கூடத்துத் தோழி ஒருத்தியின் அறையில் பாதி இடம் கிடைத்தது. வழக்குப் போடலாம், வருஷக்கணக்காகும் என்றார் வக்கீல்.

ஞாயிறுகளில் ஆலயத்துக்குப் போனாள். ஆனால் எல்லோரும் "பிதாவே" என்று ஜெபிக்கத் தொடங்கும்போது அவள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஏழாவது வாரம் அவளால் அடக்க முடியவில்லை. "பிதாவே," என்றாள். பக்தியாக அல்ல, வேலை முடிந்து வந்த அப்பாவிடம் அண்ணன் செய்ததையெல்லாம் போட்டுக்கொடுக்கும் மகளின் குரலில், பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.