மரத்த உதடு

பத்து மணிக்கு வந்த கட்டன் சாயாவை இருதயம்மாள் குடித்தபோது பாதி கீழுதட்டில் ஒழுகி, இடுப்பில் கட்டியிருந்த ரப்பர் படங்கில் சொட்டியது. பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது.

தெரிந்தும் அவள் கவலைப்படவில்லை. போன வருஷம் இடது தாடை படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாட்டுப்பட்டிக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் வாயைத் திறந்து பார்த்தார்கள். புண்ணும் இல்லை, வெற்றிலைக் கறையும் இல்லை. ஆடிய பல்லைப் பிடுங்கி மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த பல் ஆடியதும் அதையும் பிடுங்கினார்கள். வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்குப் பயம். முதுகு ஒடிந்து புருஷன் சூசையப்பன் வேலையை விட்ட பிறகு, எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு அவள் வேலையை நம்பித்தான் இருந்தது. மழை விட்டபோது உதடு மரத்தது, வலியும் குறைந்தது. நேர்ச்சை பலித்ததென்று மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

பல் பிடுங்கிய குழி மட்டும் மூடவே இல்லை. அதற்காகத்தான் சூசையப்பன் அவளை மலையிறக்கி மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போனான். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், எலும்பில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு சொல்லும் நாளில் அவனால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி நடந்தான்.

"உதட்டுல மரவிப்பு எப்போ தொடங்கிச்சு?" என்று கேட்டார் மலையாளி டாக்டர்.

"மழ விட்டப்பவே டாக்டரம்மா. கொணமாகுதுன்னு நெனச்சேன்."

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். தாடை எலும்பு செல்லரித்த மரம்போல இருந்தது. புற்று எலும்புக்குள்ளேயே பிறந்திருக்கிறது, அபூர்வம், அதனால்தான் வாயில் ஒன்றும் தெரியவில்லை என்றார். நரம்பையும் அது தின்றுவிட்டதால்தான் உதடு மரத்திருக்கிறது. பாதித் தாடையை எடுக்க வேண்டும், பல மாதம் வேலைக்குப் போகக் கூடாது. "அப்பவே ஒரு படம் எடுத்திருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் இருதயம்மாள் வீட்டைப் பற்றித்தான் பேசினாள். எஸ்டேட் ஆபீஸில் அவள் பயந்ததையேதான் சொன்னார்கள்: பதிலுக்கு வீட்டிலிருந்து ஆள் விட வேண்டும், இல்லையென்றால் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில், காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் லிஜி அம்மாவின் படங்கைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"நீ பொழைச்சு வாம்மா. படிப்பு எங்கயும் ஓடிராது."

 இருதயம்மாள் மகளின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிந்தாள். முடிச்சு இறுக, என்றும் செய்வதுபோல நுனியைப் பல்லில் கவ்வி இழுத்தாள். கயிறு உதட்டை அறுத்து, ரத்தம் மகளின் படங்கில் சொட்டியது. அவள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.