கடைசிப் படி வரட்டும்

எங்கள் கடைத்தெருவில் திரைச்சீலைக் கடைக்காரருக்குக் 'கறார்' என்று பெயர். வைத்தவர்கள் வாடிக்கையாளர்கள், சந்தோஷப்பட்டவர் அவர். சொன்ன விலையிலிருந்து லேசில் இறங்கமாட்டார். வந்தவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்தால் இவர் துணியை மடிக்க ஆரம்பித்துவிடுவார். ஓரக்கண் மட்டும் வாசலில் இருக்கும். வாங்குகிற எண்ணம் உள்ளவன் கடைசிப் படியில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். அப்போதுதான் கூப்பிடவேண்டும். முன்னாலேயே கூப்பிட்டால் சரக்கில் கோளாறு என்று நினைப்பான். தெருவில் இறங்கினபிறகு கூப்பிட்டால் நமக்கு மானக்கேடு.

கட்டின மனைவியிடமும் இதே வித்தையைக் காட்டினார். அந்த அம்மாள் திரும்பியே பார்க்காமல் நேராகக் கோர்ட்டில் போய் நின்றாள். மகளுக்குப் பதினெட்டு முடியும்வரை மாதாமாதம் பராமரிப்புப் பணம் என்று தீர்ப்பாயிற்று. கறார் அங்கேயும் பேரம் பேசி ஒன்றைச் சாதித்தார்: பாங்கில் போடமாட்டேன், பிள்ளை கடைக்கு வந்து என் கையால் வாங்கிக்கொள்ளட்டும். பச்சைப் பிள்ளையை அலையவிடுகிறான் பார் என்று தெரு பேசியது. அவள் வருகிற நாளில் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு இவர் வியர்த்துக்கொண்டு நிற்பது, கடையில் துணி மடிக்கிற பெரியவருக்கு மட்டுமே தெரியும்.

கடைசித் தவணை நாளும் வந்தது. காலையிலேயே பக்கத்துக் குடைக்கடைக்காரரிடம் பீற்றிக்கொண்டார்.

"இன்னியோட சனி விட்டுச்சுண்ணே!"

"பெத்த பொண்ணைச் சனிங்கறியேப்பா."

"நான் கோர்ட்டைச் சொன்னேன்."

உள்ளே வந்ததும் குரல் இறங்கியது. "காலேஜ் செலவு முழுக்க நான்தான்யா பாக்கப்போறேன். ஆனா நானா சொல்லமாட்டேன். அவ வாயால கேக்கட்டும்."

"சொல்லிட்டாத்தான் என்ன முதலாளி?" என்றார் பெரியவர்.

"கேக்காம குடுத்ததை யாருய்யா மதிச்சா?"

மகள் வந்தாள். உறையை வாங்கிப் பைக்குள் வைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. தொங்கிய சீலையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அப்பா, அடுத்த மாசமும் வரட்டுமா?"

கறாருக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று. பேரம் ஆரம்பம். முதல் விலையை உச்சத்தில் வைத்தார்.

"எதுக்கும்மா? அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே. இனிமே உங்கம்மா பாடு, உன் பாடு."

"பணத்துக்கு இல்லப்பா. சும்மாதான்."

"சும்மா யாராவது கடை ஏறுவாங்களா?" என்று சிரித்தார். சுற்றி வளைக்கிறாளே, கெட்டிக்காரி, என் ரத்தமாச்சே என்று பூரித்தும் போனார்.

அவள் சீலையைக் கையிலிருந்து விட்டாள். "சரிப்பா" என்று எழுந்தாள்.

கறார் அவசரமில்லாமல் துணியை மடித்தார்.

"கூப்பிடுங்க முதலாளி!"

"இருய்யா. கடைசிப் படி வரட்டும்."

கடைசிப் படி வந்தது. அவள் திரும்பவில்லை. தெருவில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள். பெரியவர் வாசலுக்கு ஓடினார். கறார் அசையவில்லை.

"அடுத்த மாசம் தானா வருவா பாரு."

வரவில்லை. மானத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போன் செய்தார். எடுத்தவள் அம்மாக்காரி.

"காலேஜ் பணம் கட்டறதுக்கு..." என்று இழுத்தார்.

"ஸ்காலர்ஷிப் கிடைச்சாச்சு. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு ஆசையா வந்தா. சும்மா எதுக்குக் கடை ஏறறேன்னு கேட்டீங்களாமே?"

"நான் விளையாட்டுக்கு..."

"எங்கிட்டயும் அப்படித்தான் விளையாடினீங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஒருவர் ஜன்னல் சீலைக்கு விலை கேட்டார். கட்டாது என்று எழுந்தார். முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை, கறார் பாய்ந்து வந்தார்.

"வாங்க சார், வாங்க! நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்குங்க."

வந்தவர் கறாரைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

"சாயம் போகும்போலிருக்கே" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.