ஒரு வழிக் குரல்

தையல்கடை அக்கா வாயைத் திறந்தால் அவளுடைய தையல் மெஷின் ஓடுவதுகூட யார் காதிலும் விழாது. அதில் அதிகம் மாட்டிக்கொண்டவன் அவள் தம்பி. "அக்கா, நான் என்ன சொல்ல வரேன்னா" என்று அவன் இழுத்தால் போதும், மீதியை அவளே சொல்லி முடிப்பாள். பெரும்பாலும் தப்பாக.

அந்தத் தம்பிக்குத்தான் இப்போது கடல்கடந்த ஊரில் தொண்டைப் புற்றுநோய். மறுநாள் காலை ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். அவன் இருந்த வார்டில் தொலைபேசி கிடையாது. நோயாளிகளுக்கென்று இணையத்தோடு ஒரு கணினி இருந்தது. அதில் அன்று மாலை அவனுக்கு அரைமணி நேரம் கொடுத்திருந்தார்கள். அவன் குரலைக் கேட்பதென்றால் அதுதான் கடைசி.

அக்காவின் கணவருக்குக் குழாய் ரிப்பேர் தொழில், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்றால் பைத்தியம். கடையின் பின்னறையிலிருந்த பழைய கணினியிலும் அதைத்தான் போட்டிருந்தார். அதிலிருந்த சவுண்ட் கார்டோ லினக்ஸை ஏறெடுத்தும் பார்க்காத ரகம். யாரோ முகம் தெரியாத ஒருவர், தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அதை லினக்ஸில் வேலைசெய்ய வைக்கும் டிரைவர் என்ற நிரலை எழுதி, எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் வைத்திருந்தார். அதைப் போட்ட பிறகுதான் ஸ்பீக்கருக்கே உயிர் வந்தது.

இணையத் தொலைபேசி மென்பொருளைத் திறந்ததும் தம்பி வந்தான்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குதுடா. நல்லா கேக்குது. சாப்பிட்டியா? டாக்டர் என்ன சொன்னார்?"

"அக்கா? இருக்கியா?"

அவள் பேச்சு அவனுக்குப் போகவில்லை. கணவர் லைனைத் துண்டித்து, மைக்கை இயக்கி மறுபடி பிடித்தார். இப்போது ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. டிரைவரோடு வந்த குறிப்பைப் படித்தவர் முகம் சுருங்கிப்போனது.

"இந்த டிரைவர்ல ரெண்டும் ஒண்ணா நடக்காதாம். ஒண்ணு நீ பேசலாம், இல்ல அவன் பேசலாம்."

"மாத்தி மாத்திப் பேசறோம்."

"ஒவ்வொரு தடவையும் லைனை அறுத்துட்டுப் பிடிக்கணும். இருக்கிற நேரம் அதுலயே போயிடும். எது வேணும்னு சொல்லு."

சொல்வதற்கு அவளிடம் வண்டி வண்டியாக இருந்தது. தைரியமாயிரு, கடவுள் இருக்கார், நான் இருக்கேன். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, "அவன் பேசட்டும்" என்றாள்.

கணவர் எழுத்தில் தட்டி அனுப்பினார்: நீ பேசு. அக்கா கேட்டுக்கிட்டு இருக்கா.

தம்பி பேசினான். பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைப் பற்றி, உப்பில்லாத கஞ்சியைப் பற்றி. பிறகு விஷயத்துக்கு வந்தான். "நான் உன்கிட்ட கோவிச்சுக்கிட்டு இங்க வந்துட்டேன்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்க. இல்லக்கா. என் படிப்புக்காகத் தச்சுத் தச்சு உன் கண்ணு மங்கிப்போச்சு. அதைப் பாத்துக்கிட்டு அங்க இருக்க முடியல, சம்பாதிக்கலாம்னு வந்தேன். எத்தனையோ தடவை சொல்லப் பாத்தேன், நீ எங்க விட்ட." சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். அக்காவின் வாய் திறந்து திறந்து மூடியது. இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த முள் அன்றைக்குத்தான் கழன்றது. நேரம் முடியும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தம்பி தேறி எழுந்ததும், கணவர் இந்தத் தடவை மைக்கை மட்டும் இயக்கினார். அக்கா பேசப் பேச, தம்பி எழுத்தில் பதில் தட்டினான். வாரம் தவறாமல் இதுவே வழக்கமாயிற்று.

டிரைவர் எழுதியவருக்குக் கணவர் நடந்ததைச் சொல்லி நன்றி அனுப்பியிருந்தார். அந்த மனிதர் பதிலில் மன்னிப்புக் கேட்டிருந்தார்: ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாதது தன் குறைதான், சீக்கிரம் சரிசெய்கிறேன் என்று. கணவர் அதை வாசித்துக் காட்டினார்.

"மன்னிப்பா? என் தம்பி பேச்ச முழுசா கேக்க வச்ச மகராசன்" என்றாள் அக்கா. "அவரு பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும்னு எழுதுங்க. அவசரமே இல்லன்னும் எழுதுங்க. எங்க வீட்டுல இப்ப ஒருத்தர்தான் பேசறோம்."