கோயமுத்தூர் காற்று

குன்னூர் வீட்டு ஷெட்டில் இருந்தவர்கள் தவ்பீக், அவன் மனைவி ஃபிசா, அவள் தம்பி இக்ராம். கூடவே கரும்புகை கக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இஞ்சினுக்கு பவர் கூட்ட, ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாற்றி, காற்றுக்கேற்ற பெட்ரோல் அளவை லேப்டாப்பில் கோவையிலேயே டியூன் செய்து வந்திருந்தான் தவ்பீக். இன்று குன்னூர் ஏற்றத்தில் கார் முன்னைவிட மோசமாகத் திணறியது. இந்தத் தடவையும் சரியாக ஏறாவிட்டால் விற்றுவிடுவதாக ஃபிசாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

இக்ராம் சிரித்தான். "கோயமுத்தூர் காத்துக்கு டியூன் பண்ணுனா இங்க ஏறுமா மச்சான்? மலையில காத்து கம்மி. வண்டி பெட்ரோலை மட்டும் அள்ளிக் குடிக்குது."

தவ்பீக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அவ்வளவுதானா? இங்கயே டியூன் பண்ணிட்டாப் போச்சு!"

"ஏங்க, விக்கறேன்னு சொன்னது?"

"ஒரே ஒரு தடவை, ஃபிசா."

"சரிங்க. காருகூடவே குடும்பம் நடத்துங்க."

அவன் லேப்டாப்போடு காருக்குள் புகுந்தான். ஃபிசா தம்பியை வெளியே இழுத்து, ஷெட் கதவைச் சாத்திப் பூட்டினாள்.