குறுவை விதைத்த மாதம்

மன்னார்குடிக்கு இணையம் வந்த புதிது. வேளாண் கணக்கெடுப்புத் தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை வெளிநாட்டிலிருந்து எங்கள் மையத்துக்கு வந்தது. ஒவ்வொரு தாளையும் ரோஸ்லின், வேம்பு என்ற இரண்டு பெண்கள் தனித்தனியாக அடிப்பார்கள். பிறகு நான் 'டிஃப்' கட்டளை கொடுப்பேன். இரண்டு ஃபைலிலும் வேறுபடும் வரிகளை அது காட்டும். வேறுபாடே இல்லையென்றால் வாயே திறக்காது.

ஒரு நாள் ஒரு தாளுக்கு அது வாய் திறக்கவில்லை. ஆனால் அதில் ஒரு வரி தப்பு என்று வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தது. எனக்குத் தலை சுற்றியது. பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பேர் எப்படி ஒரே தப்பைச் செய்வார்கள்? நானே உட்கார்ந்து அந்தத் தாளை அடித்து ஒப்பிட்டேன். டிஃப் மௌனம்.

"மூன்று பேர் அடித்துவிட்டோம், தப்பே இல்லை" என்று காரமாகப் பதில் போட்டேன்.

"குறுவை நெல் விதைப்பு, தாளில் ஜனவரி. உங்களிடம் ஜூன்" என்று பதில் வந்தது.

தாளைப் பார்த்தேன். ஜனவரியேதான்.

"தாள்ல உள்ளதை அடிக்கச் சொன்னா, இஷ்டத்துக்கு அடிப்பீங்களா?" என்று இருவரையும் பிடித்துக் கத்தினேன்.

"ஜனவரியில யாரு சார் குறுவை விதைப்பாங்க?" என்றாள் ரோஸ்லின்.

வேம்பு திரையைப் பார்த்தபடி கேட்டாள்: "மூணாவது ஃபைல் யாரு சார் அடிச்சது?"